வேண்டாத பொருளுக்கு விலை கூறுதல்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் என்னை அழைத்தபோது, சிராவக தர்மம் பற்றி ஏதேனும் கூறலாம் என்று எண்ணியிருந்தேன். அவரோ, "ஐயா, தர்மம் பற்றிப் பேச வித்துவான்கள் இருக்கிறார்கள். ஊர் வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான்களை இணையத்தில் விற்றீர்களே, அதைச் சொல்லுங்கள். வாரம் ஒருவராவது அதைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள்" என்றார். முதலில் எனக்குச் சற்று வருத்தந்தான். நாற்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவனைக் காயலான் கடைக்காரனாக்கி விட்டாரே என்று நினைத்தேன். பிறகு யோசித்தபோது அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

நம் குடும்பங்களின் நிலை நமக்குத் தெரியும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் பிறந்தவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கப்பாலும் வாழ்கிறோம். ஊரில் பெற்றோர் இருந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. உற்சவத்திற்குச் செல்லும்போது திறக்கிறோம், தூசு தட்டுகிறோம், மீண்டும் பூட்டுகிறோம். உள்ளே மூன்று தலைமுறையின் பொருள்கள் இருக்கின்றன. நகரத்து வீட்டிலோ மின்விசிறி இரண்டு மாற்றினால் பழையவை இரண்டும் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்கின்றன. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை விளக்கும்போது, நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் என்று எண்ணிக்கொண்டு வரும் ஆசாரியர்கள் கடைசியில் 'குப்பியம்' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். துணியும் பாத்திரமும் தட்டுமுட்டும் அதில் அடக்கம். பொன்னுக்கு அளவு வைத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. சட்டிபானைக்கு அளவு வைத்துக்கொண்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

எங்கள் அம்மா காலமான ஆண்டுத் திதி முடிந்தபின், வந்தவாசிக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டைக் காலி செய்ய நானும் அக்காவும் முடிவு செய்தோம். கூரை ஒழுகத் தொடங்கிவிட்டது. சாமான்களைப் பட்டியலிட்டதில் நூற்றுக்கு மேல் வந்தது. அவற்றுள் முப்பதைத் தவிர மற்றவை உறவினருக்கும் ஊராருக்கும் சென்றன. அந்த முப்பதையும், சென்னை வீட்டில் தேங்கியிருந்த பத்துப் பன்னிரண்டையும் ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் விற்றேன். ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று. செய்த பிழைகளையே பெரும்பாலும் கூறப்போகிறேன்.

முதற்பிழை விலையில். ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. 2011இல் 18,500 ரூபாய்க்கு வாங்கியது. பாதி விலையாவது வரட்டும் என்று 9,000 என்று போட்டேன். ஐந்து வாரத்தில் ஒருவரும் வரவில்லை. 6,000 ஆக்கினேன். இருவர் தொலைபேசியில் ஆண்டைக் கேட்டார்கள். ஆண்டைச் சொன்னதும் நன்றி கூறி வைத்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் கணக்கில் தோற்ற இடம் இது. நான் போட்டது என் செலவின் கணக்கு. வாங்க வருகிறவர் போடுவதோ அவருடைய செலவின் கணக்கு. அவர் புதியதன் இன்றைய விலையைப் பார்க்கிறார். அதற்கு உத்தரவாதம் உண்டு, வீட்டிற்குக் கொண்டுவந்து தருவார்கள், தவணையும் உண்டு. என்னுடையதற்கு அவை ஒன்றும் இல்லை. குட்டியானை வண்டிக்கும் தூக்குக் கூலிக்கும் அவரே தர வேண்டும். மின்கட்டணமும் அவர் தலையில். நட்சத்திர முத்திரை ஐந்து இருக்கிறதே என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த அளவுகோலை அரசு அவ்வப்போது இறுக்கி மாற்றுகிறது. அன்றைய ஐந்து நட்சத்திரம் இன்று ஐந்தாகாது என்பதை வாங்க வந்த ஓர் இளைஞரே எனக்கு விளக்கினார். இறுதியில் தீபாவளி நேரத்தில் ஒரு கடையில் பழையதற்கு 2,500 ரூபாய் கழித்துக்கொண்டு புதியது கொடுத்தார்கள். பத்தாண்டைத் தாண்டிய ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அதுவே நல்ல வழி. கடைக்காரரே வந்து எடுத்துச் செல்கிறார் என்பதும் ஒரு வரவுதான்.

அதன்பின் விலை வைக்க ஒரு முறை கண்டேன். இணையத்தில் அதே போன்ற பொருளுக்குப் பிறர் கூறியிருக்கும் விலைகளைப் பார்த்தேன். அது எல்லோரும் செய்வது. ஆனால் அங்கே நம் கண்ணுக்குப் படுபவை பெரும்பாலும் விற்காமல் நிற்பவை. விற்றவை மறைந்துவிடுகின்றன. ஆகவே பத்து விளம்பரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்தேன். எவை காணாமற் போயினவோ அவற்றின் விலையே சந்தை விலை. நிற்பவை என்னைப் போன்ற ஆசைக்காரர்களின் விலை. மறைந்தவற்றின் விலையை வைத்துக்கொண்டு, பேரத்திற்காக நூற்றுக்குப் பத்து மட்டும் கூட்டிப் போட்டேன். பேரம் பேசாமல் வாங்கினால் நம் மக்களுக்கு உறக்கம் வராது. அதற்கு இடம் வைக்கத்தான் வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் தீவிரமாகக் கேட்பவர் இல்லையென்றால் ஒரு படி இறக்கினேன். இறக்குவதற்கு முன்பே, இதற்குக் கீழே போனால் விற்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவது என்ற எல்லையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைக்காவிட்டால், வந்தவர் முகத்தைப் பார்த்து எல்லை மாறிவிடும். நம் கோபத்தினாலும் மாறிவிடும்.

பொருளுக்குப் பொருள் நிலைமை வேறு. தேக்குக் கட்டில், தேக்கு அலமாரி, ஈசிச்சேர் இவற்றின் விலை எளிதில் விழுவதில்லை. நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவினாலே போதும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஆன மேசையும் அலமாரியும் ஒருமுறை பிரித்துப் பூட்டினால் திருகாணி பிடிக்காது; அது வாங்குபவருக்கும் தெரியும். இரும்புப் பீரோவுக்குச் சாவி இரண்டும் இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. பித்தளை, செம்பு, வெண்கலம் ஆகியவற்றை எடை போட்டே விலை சொல்லுங்கள். கடைகளில் கேட்டு அன்றைய விலை தெரிந்துகொள்ளலாம். காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் நான் எதிர்பார்த்ததைவிட விரைவில் சென்றது. ஆட்டுக்கல்லும் அம்மியும் இப்போது மீண்டும் விரும்பப்படுகின்றன. ஆனால் மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது என்ற பேச்சில் பாதி விற்பனை முறிந்துவிடும். மெத்தையையும் தலையணையையும் விற்க முயலவே வேண்டாம். பின்புறம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு விலை இல்லை. அதன் கண்ணாடிக்குழாயில் ஈயம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவை முறையாகப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுப்பதே தக்கது.

இனி, கூறாமல் விட்டால் இவ்வுரைக்குப் பொருளே இல்லை என்று நான் கருதும் ஒரு செய்திக்கு வருகிறேன்.

சென்னை வீட்டில் எட்டு ஆண்டு ஓடிய வாஷிங் மெஷின் ஒன்று இருந்தது. துணி துவைக்கும், நீரும் வெளியேறும். ஆனால் நிறையத் துணி போட்டுப் பிழியும்போது உள்ளே பெருத்த ஓசை எழும். பேரிங் தேய்ந்திருந்தது; மெக்கானிக் ஒருமுறை சொல்லியும் இருந்தார். விளம்பரத்திற்காக அதை ஓட விட்டுப் படம் பிடித்தேன். துணி எதுவும் போடாமல் ஓட விட்டேன். வெறுமனே ஓடும்போது ஓசை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதை அறிந்துதான் அவ்வாறு செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஓர் இளைஞர் வந்தார். அண்மையில் திருமணமானவர், வாடகை வீடு. "ஏதாவது ரிப்பேர் உண்டா ஐயா?" என்று கேட்டார். "நன்றாக ஓடுகிறது, நீங்களே பாருங்கள்" என்றேன். அவர் பார்த்தார். 4,500 ரூபாய் கொடுத்து எடுத்துச் சென்றார்.

பத்து நாளில் தொலைபேசியில் அழைத்தார். ஓசையைப் பற்றிச் சொன்னார். "பழைய பொருள்தானே தம்பி, பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "பிள்ளைகள் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் நீங்கள் மார்க் போட்டிருப்பீர்களா?" என்றாள்.

நான் கூறியது பொய் இல்லை என்று இரண்டு நாள் என்னோடு நானே வாதாடினேன். ஓடுகிறது என்றேன், ஓடத்தான் செய்தது. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை நம் வீடுகளில் ஓதாதவர் யார்? கள்ளாமை விரதத்திற்கு அங்கே சொல்லப்படும் ஐந்து அதிசாரங்களுள், எடையிலும் அளவிலும் குறைத்துக் கொடுப்பதும், ஒன்றைக் காட்டி அதைப்போன்ற வேறொன்றைக் கொடுப்பதும் உண்டு. பொய்யாமையின் கீழ் மட்டும் தேடிக்கொண்டிருந்த நான், கள்ளாமையின் கீழ்ப் பிடிபட்டேன். ஓசை எழாத இயந்திரத்தைக் காட்டி, ஓசை எழும் இயந்திரத்தைக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் அவரை அழைத்து, இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் அவர் 2,200 ரூபாய் செலவில் பழுது பார்த்துவிட்டார். அந்தத் தொகையை அனுப்பினேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு பெற்றுக்கொண்டார். அதன்பின் என்னிடம் அவர் வேறெதுவும் வாங்கவில்லை. அதில் வியப்பும் இல்லை.

அடுத்து விற்றது ஒரு மிக்ஸி. இம்முறை விளம்பரத்தின் முதல் வரியிலேயே, "பெரிய ஜாரின் மூடியில் கீறல் உண்டு; சட்னி அரைக்கும்போது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்" என்று எழுதி, கீறலை அருகில் வைத்துப் படமும் எடுத்துப் போட்டேன். மறுநாளே கேட்ட விலைக்குச் சென்றது. தற்செயலோ என்று எண்ணினேன். அடுத்தடுத்த பொருள்களிலும் அவ்வாறே நடந்தது. இதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்களின் சந்தையைப் பற்றி 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் எல்லாப் பொருளிலும் குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை கேட்கிறார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டாது என்று சந்தையை விட்டே விலகிவிடுகிறார் என்பது அவர் காட்டிய வழி. 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். நாம் ஒரு குறையை நாமாகவே சொல்லிவிட்டால், சொல்லாத பத்துக் குறைகளை வாங்குபவர் கற்பனை செய்வது நின்றுவிடுகிறது. லாபத்திற்காகவே உண்மை சொல்லலாம் என்று இதைக் கூறவில்லை. வாஷிங் மெஷினில் உண்மை சொல்லியிருந்தால் எனக்கு 1,000 ரூபாயாவது குறைந்திருக்கும். அது எனக்கு வர வேண்டிய பணம் இல்லை என்பதுதான் கணக்கு.

விளம்பரம் எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய ஆண்டு, நிறுவனம், அளவு, குறை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, பில் உண்டா, இவ்வளவே போதும். அளவை அங்குலத்தில் எழுதுங்கள். பீரோ வாசலில் நுழையாமல் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கமும் படம் வேண்டும். பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண் அட்டையையும் படம் எடுங்கள். 'புதியது போன்றது', 'அவசரம்' என்ற சொற்களை விட்டுவிடுங்கள். எல்லோரும் எழுதுவதால் அவற்றுக்குப் பொருள் போய்விட்டது. வீட்டு எண்ணையும், வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையும் ஒருபோதும் எழுதாதீர்கள். பொருளைக் காட்டும்போது வீட்டில் இன்னொருவர் உடன் இருக்கட்டும்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். என் தேக்கு ஈசிச்சேரை விளம்பரப்படுத்திய அரை மணியில் ஒருவர் அழைத்தார். இராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றம் என்றும், பொருளைப் பார்க்கவே வேண்டாம் என்றும், முழுப்பணத்தையும் இப்போதே அனுப்புவதாகவும் கூறினார். பேரம் பேசாதவர் என்றாலே எனக்கு ஐயம் வந்துவிட்டது. பிறகு ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். நாடெங்கும் பலரிடம் நடந்த மோசடி இது. ஒன்றை மட்டும் மனத்தில் பதியுங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணை அழுத்தினால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறுகிறது என்று பொருள். ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சிலவற்றை விற்கவே கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டர் நம் உடைமை அன்று. நாம் கட்டியது வைப்புத்தொகை. அதை முகவரிடம் திருப்பிக் கொடுத்தால் அத்தொகை திரும்ப வரும். பழைய கைப்பேசியை விற்பதானால், கணக்குகளை நீக்கி முழுவதும் அழித்த பின்னரே கொடுங்கள்.

இவற்றினும் முக்கியமானது நம் வீட்டுப் பரண். அங்கே ஓலைச்சுவடி இருக்கலாம். பாட்டனார் வழிபட்ட சிறிய உலோகத் திருமேனி இருக்கலாம். பழம்பொருள் என்று இணையத்தில் ஒரு படம் போட்டால் ஆயிரம் பேர் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பம் முதலியனவும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடிகளும் தொல்பொருள்களாகும். அவற்றை விற்கும் தொழிலுக்கு அரசின் உரிமம் வேண்டும். சிற்பம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நம்மவர் வீடுகளில் அந்நூலைப் போற்றிப் படித்து வந்த வழக்கம் அவருக்குப் பெருந்துணையாய் இருந்தது. அன்று அந்தச் சுவடிகளைப் படிக்கான எடைக்கு எவரேனும் போட்டிருந்தால்? சுவடி கிடைத்தால் விலை பேசாமல், மடத்திலோ அரசு சுவடி நூலகத்திலோ காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் விலை போட முடியாத வேறொன்றும் இருந்தது, ஓர் எலிக்கூண்டு. அப்பா அதில் அகப்பட்ட எலியை ஏரிக்கரை வரை நடந்து சென்று விட்டுவருவார். நல்ல கூண்டு, 150 ரூபாய்க்குக் கேட்டார்கள். வாங்குபவர் ஏரிக்கரைக்கு நடப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொலைக்குக் கருவி கொடுத்தலும் குற்றம் என்று படித்திருக்கிறோம். கம்பியைப் பிரித்து இரும்புக்குப் போட்டேன். 12 ரூபாய் கிடைத்தது. அக்கா சிரித்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. நெல் அளக்கும் மரக்கால் ஒன்று இருந்தது. மரத்தில் கடைந்து, விளிம்பில் பித்தளைப் பூண் கட்டியது. அலங்காரத்திற்கு வைக்க விரும்பும் சென்னைவாசி ஒருவர் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மகிழ்ச்சியோடு அக்காவிடம் தெரிவித்தேன். அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அறுவடையில் கூலி அளக்கும்போது அப்பா மரக்காலைத் தலை தட்டாமல் கோபுரமாகக் குவித்து அளப்பாராம். அவள் அருகில் நின்று எண்ணுவாளாம். நான் அப்போது சிறுவன், எனக்கு அந்த நினைவில்லை. ஆகவே எனக்கு அது 3,000 ரூபாய், அவளுக்கு அப்படியில்லை. விலை பேசியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. வாக்குக் கொடுத்து மாறியது என் தவறுதான். உடன்பிறந்தோர் அனைவரும் ஒரு நாள் ஒன்றாக அமர்ந்து, அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே முதல் படத்தை எடுக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. தொலைபேசியில் "உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்று சொல்வது போதாது. பொருளைக் கண்ணால் பார்க்கும்போதுதான் எது வேண்டும் என்பதே தெரியவருகிறது.

தானத்தைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். விற்பதைவிடக் கொடுப்பது மேல் அல்லவா என்று. மேல்தான். ஆனால் ஓடாத கிரைண்டரையும் கிழிந்த மெத்தையையும் ஓர் இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டு வருவதற்குத் தானம் என்று பெயரில்லை. நம் குப்பையை அவர்கள் செலவில் அகற்றுகிறோம், அவ்வளவே. நான் புத்தகங்களை விற்கவில்லை. எடைக்குப் போட்டால் மிகச் சொற்பம்; நம் ஊர்ப் பாடசாலைக்குக் கொடுத்தேன். விற்று வந்த தொகை மொத்தம் 61,000 ரூபாய் சொச்சம். அக்காவும் நானும் பேசி, அதை ஜினாலயத்தின் கூரைப் பணிக்குக் கொடுத்தோம். எங்கள் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அது வேறு கதை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விளம்பரம் எழுதுவதில் உதவி வேண்டுவோர் தங்கள் பொருளின் அளவையும் வாங்கிய ஆண்டையும் குறித்துக்கொண்டு என்னிடம் வரலாம். அருகில் குடியிருப்பவர்கள் வீட்டிற்கு நானே வந்து படமும் எடுத்துத் தருகிறேன். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கீறலும் கறையும் தெரியாது. ஆகையால், நம் வீட்டு உணவைப் போலவே, இதையும் பொழுது சாய்வதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.